மலைப்பாதை லோடு ஆட்டோவுக்கு ஒத்திசைவு மோட்டார் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைப் பகுதியில் மூன்று சக்கர மின்சார லோடு ஆட்டோ தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று. அதன் வண்டி சமவெளியில் குறை சொல்ல முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மளிகைச் சரக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது மலைக் காய்கறி இறக்கிவரும் ஒரு வாடிக்கையாளர் அதே வண்டியைக் கேட்டார். இரண்டு வண்டிகள் சோதனைக்குக் கொடுக்கப்பட்டன.

வண்டியின் விவரம்: சரக்கும் ஓட்டுநரும் சேர்த்து மொத்த எடை 1,000 கிலோ. டயரின் உருளும் ஆரம் 0.24 மீட்டர். 16 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் தொடராக இணைந்த 10 கிலோவாட்-மணி பேட்டரி, பெயரளவு 51.2 வோல்ட், முழுச் சார்ஜில் 58.4 வோல்ட். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே 10:1 கியர் குறைப்பு. உச்ச வேகம் மணிக்கு 50 கி.மீ.

முதல் மோட்டாரும் அதை எடுத்த காரணமும்

முதலில் இருந்தது ரோட்டரின் (சுழலும் பகுதியின்) மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய நிரந்தரக் காந்த ஒத்திசைவு மோட்டார்; சுருள்களின் சுழலும் காந்தப்புலத்தோடு ரோட்டரும் அதே வேகத்தில் சுற்றும் வகை இது. நான்கு துருவ ஜோடிகள், 30 நிமிடத் திறன் 4 கிலோவாட், உச்ச டார்க் (தண்டைத் திருப்பும் முறுக்குவிசை) 55 நியூட்டன் மீட்டர். கடையில் ஆயத்தமாகக் கிடைத்தது, விலை குறைவு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரோடு ஜோடியாகவே வந்தது. சமவெளிக் கணக்குக்கு அது போதுமானதும்கூட. 50 கி.மீ. வேகத்தில் உருளும் தடை 147 நியூட்டன், காற்றுத் தடை சுமார் 116 நியூட்டன், சக்கரத்தில் 3.7 கிலோவாட், மோட்டார் தண்டில் ஏறக்குறைய 4. நின்ற இடத்திலிருந்து 18 சதவீத மேட்டில் கிளம்ப 48 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதுவும் உச்ச டார்க்குக்குள் அடங்கியது. இந்த இரண்டு எண்களைப் பார்த்து மோட்டாரை முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போனதுதான் இங்கே சிக்கலாக வந்தது.

ஏற்றத்தில் தெரிந்தது

கல்லாறு தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. குன்னூர் வரை ஏறக்குறைய 22 கி.மீ., சராசரி ஏற்றம் 6 முதல் 7 சதவீதம். கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கத்தில் அது 12 சதவீதத்தையும் தொடும்.

முழுச் சுமையுடன் 25 கி.மீ. வேகத்தில் ஏறத் தொடங்கிய வண்டி, பாதி தூரத்துக்குள்ளேயே மோட்டார் வெப்ப எச்சரிக்கை கொடுத்தது. கன்ட்ரோலர் தானாக டார்க்கைக் குறைத்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மோட்டாருக்கு ஓய்வு கொடுக்கப் பார்த்தார், சூடு தணியவில்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றேவிட்டது.

காரணம் எளிய கணக்கு. 7 சதவீத ஏற்றத்தில் 25 கி.மீ. வேகத்துக்குத் தேவையான இழுவிசை 861 நியூட்டன். கியர் இழப்பையும் சேர்த்தால் மோட்டாரில் 22 நியூட்டன் மீட்டர். அதில் காற்றுத் தடையின் பங்கு 29 நியூட்டன் மட்டுமே. ஆகவே வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் டார்க் 21-க்குக் கீழே இறங்காது. செம்புச் சுருளின் இழப்பைத் தீர்மானிப்பது டார்க், அதாவது ஆம்பியர். வேகத்தைக் குறைத்ததால் கிடைத்தது ஒன்றுதான்: அதே சூட்டில் இன்னும் அதிக நேரம். மோட்டாரின் 4 கிலோவாட் திறன் நிமிடத்துக்கு 3,000 சுழற்சி வேகத்தில் கொடுக்கப்பட்டது. தொடர் டார்க்காக மாற்றினால் 12.7 நியூட்டன் மீட்டர். கேட்கப்பட்டது அதைப்போல 1.7 மடங்கு. செம்பு இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் சுருளில் பிறந்த வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

வளைவில் 12 சதவீத மேட்டுக்கு 33 நியூட்டன் மீட்டர் தேவை. வெப்பத்தால் குறைக்கப்பட்ட வரம்பு அதற்கும் கீழே போயிருந்ததால் வண்டி நின்றது. மோட்டார் பழுதாகவில்லை, கன்ட்ரோலரும் அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

இன்னொன்றும் இங்கே வெளிப்பட்டது. ஏ.ஐ.எஸ்.-041 என்ற இந்திய வாகனத் தரத்தின்படி சொல்லப்படும் திறன் 30 நிமிடத்துக்கானது. இந்த ஏற்றம் 25 கி.மீ. வேகத்தில் 53 நிமிடம் எடுக்கிறது. சுருள் சில நிமிடங்களில் சூடேறிவிடும். கூடு முழுவதும் சூடாகி ஒரு நிலைக்கு வர ஒரு மணி நேரத்தை நெருங்கலாம். 30 நிமிடச் சோதனையில் தேறிய மோட்டார் 50-ஆவது நிமிடத்தில் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

இறக்கத்தில் நடந்தது

இரண்டாவது வண்டி குன்னூரில் முழுதாகச் சார்ஜ் செய்யப்பட்டு, காய்கறிச் சுமையுடன் இறங்கியது. ஓட்டுநர் மோட்டார் பிரேக்கை நம்பி, டிரம் பிரேக்கைக் குறைவாகவே பயன்படுத்தினார். சமவெளியில் அது நல்ல பழக்கம். சில கிலோமீட்டரில் பேட்டரியின் ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டவே, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பாதுகாப்புக்காகப் பேட்டரி இணைப்பைத் துண்டித்தது. அந்தக் கணத்தில் கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட்கள் (மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்கள்) வெடித்தன. இரண்டு கட்டங்கள் குறுக்குச் சுற்றாகி, மோட்டார் அதிர்ந்து இழுக்க, ஓட்டுநர் கைப்பிரேக்கால் வண்டியை நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை.

பிரித்துப் பார்த்தபோது 100 வோல்ட் மாஸ்ஃபெட்கள் மிகை மின்னழுத்தத்தில் போயிருந்தது தெரிந்தது. பேட்டரி துண்டிக்கப்பட்ட நொடியில் மோட்டார் சுமார் 2.8 கிலோவாட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் கன்ட்ரோலருக்குள் இருக்கும் 5 மில்லிஃபாரட் கெப்பாசிட்டர் மட்டுமே. 58 வோல்ட்டிலிருந்து 100 வோல்ட்டுக்கு அதை ஏற்ற 16.6 ஜூல் போதும்; 2.8 கிலோவாட் வேகத்தில் அது 6 மில்லி விநாடி. பி.எம்.எஸ். தன் நிலையைக் கேன் பஸ்ஸில் (வண்டியின் மின்னணுப் பாகங்கள் பேசிக்கொள்ளும் கம்பிவழியில்) 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. செய்தி வந்து சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த விபத்தில் எதிர் மின்னழுத்தம் (சுழலும் காந்தம் சுருளில் தானாக உண்டாக்கும் மின்னழுத்தம்) நேரடிக் குற்றவாளி அல்ல என்றாலும், கணக்கைப் பார்த்தபோது அதுவும் வரிசையில் காத்திருந்தது தெரிந்தது. மேற்பரப்புக் காந்த மோட்டாரில் 3,000 சுழற்சியில் இரு கம்பிகளுக்கிடையே உச்ச எதிர் மின்னழுத்தம் 40 வோல்ட். 50 கி.மீ. வேகத்தில் மோட்டார் 5,530 சுழற்சியில் ஓடும். எதிர் மின்னழுத்தம் 74 வோல்ட். இறக்கத்தில் கைவிட்டு 65 கி.மீ. தொட்டால் 96 வோல்ட். கன்ட்ரோலர் அணைந்திருந்தாலும் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டயோடுகள் வழியாக அந்த மின்னழுத்தம் பேட்டரி பக்கம் பாயும். நிரந்தரக் காந்தத்துக்கு அணைக்கும் ஸ்விட்ச் கிடையாது.

கணக்கை மறுபடி போட்டபோது

குழு மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்தது. ஒன்று, 7 சதவீத ஏற்றத்துக்கான டார்க்கை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். இரண்டு, 18 சதவீத மேட்டில் முழுச் சுமையோடு கிளம்ப வேண்டும். மூன்று, கன்ட்ரோலர் செத்துப்போன நிலையில் வண்டி 65 கி.மீ. வேகத்தில் இறங்கினாலும் எதிர் மின்னழுத்தம் 75 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. வழக்கமாகக் கேட்கப்படும் உச்சத் திறன் இந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. மூன்றும் நிறைவேறினால் அது தானாக வந்துவிடும்.

கூடவே கியரைத் தொட முடிவானது. பெட்டி தயாரிப்பாளரிடம் முதல் நிலைப் பற்சக்கரத்தை மட்டும் மாற்றி 12:1 ஆக்க வழி இருந்தது. இதனால் தொடர் டார்க் 22-லிருந்து 18-ஆகவும், கிளம்பும் டார்க் 48-லிருந்து 40-ஆகவும் இறங்கும். விலையாக, 50 கி.மீ. வேகத்தில் மோட்டார் சுமார் 6,630 சுழற்சியில் ஓடும், 65 கி.மீ. என்றால் 8,600-ஐத் தாண்டும். பழைய மோட்டாரை அந்த வேகத்தில் சுழற்றினால் எதிர் மின்னழுத்தம் 115 வோல்ட். கியரை மாற்றினால் மோட்டாரையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது இங்கே உறுதியானது.

எந்த வகை மோட்டார்

இன்டக்‌ஷன் மோட்டாருக்கு ஒரு பெரிய தகுதி உண்டு: மின்சாரத்தை நிறுத்தினால் காந்தப்புலமும் நின்றுவிடும், இறக்க ஆபத்து இல்லை. ஆனால் அதன் ரோட்டரிலும் மின்னோட்டம் ஓடி வெப்பம் பிறக்கிறது. காற்றில் குளிரும் மூடிய கூட்டில் ரோட்டர் வெப்பம் வெளியேற நல்ல வழி கிடையாது. ஒரு மணி நேர ஏற்றத்துக்கு அது பெரிய கூடு கேட்கும். இடம் இல்லாததால் கைவிடப்பட்டது.

காந்தமே இல்லாமல் ரோட்டர் இரும்பின் வடிவத்தால் மட்டும் டார்க் தரும் ஒத்திசைவு ரிலக்டன்ஸ் மோட்டாரும் இறக்கத்தில் பாதுகாப்பானது, ரோட்டரும் குளிர்ச்சியாக ஓடும். இதில் இடிப்பது மின்திறன் காரணி, அதாவது கொடுக்கும் ஆம்பியரில் வேலையாக மாறும் பங்கு. அது பெரும்பாலும் 0.7-ஐ ஒட்டியே நிற்பதால் அதே வேலைக்குக் கன்ட்ரோலர் கூடுதல் ஆம்பியரைச் சுமக்க வேண்டும். 400 வோல்ட் கார்களில் இதைச் சமாளிக்கலாம். 48 வோல்ட் வகையறாவில் ஏற்கெனவே 300 ஆம்பியர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு கூடுதல் ஆம்பியரும் மாஸ்ஃபெட்டாகவும் செம்புக் கம்பியாகவும் விலையில் வந்து நிற்கும். ரோட்டருக்கு பிரஷ் வழியாக மின்சாரம் கொடுக்கும் சுருள்-ரோட்டர் வகை, ரெனோ ஸோயி போன்ற கார்களில் நன்றாக ஓடியது. இந்த அளவுக்கு அது அதிகப்படி.

மிஞ்சியவை இரண்டு: ரோட்டருக்குள் காந்தம் புதைத்த வகையும், அதிலேயே நியோடிமியத்துக்குப் பதில் ஃபெரைட் காந்தம் வைத்த வகையும்.

புதைத்த காந்த மோட்டாரில் டார்க் இரண்டு வழிகளில் பிறக்கிறது. ஒரு பகுதி காந்தத்திலிருந்து, இன்னொரு பகுதி ரோட்டர் இரும்பின் வடிவத்திலிருந்து. இரும்பு தரும் பங்கு அதிகமானால் காந்தத்தைக் குறைக்கலாம். காந்தம் குறைந்தால் எதிர் மின்னழுத்தமும் குறையும். குழுவுக்குத் தேவைப்பட்டது இதுதான். செயல்திறனுக்காகப் புதைத்த காந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். இங்கே அது எடுக்கப்பட்டது செத்த கன்ட்ரோலருக்காக.

தீர்மானித்த வடிவம்

சிறிய மோட்டார் தயாரிப்பாளர் ஒருவருடன் சேர்ந்து முடிவானவை: நான்கு துருவ ஜோடிகள், 0.35 மி.மீ. மின் எஃகுத் தகடு, வி வடிவில் புதைத்த நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம், 3,000 சுழற்சியில் எதிர் மின்னழுத்தம் 24 வோல்ட். தகடுக் கட்டின் நீளம் 70 மி.மீ.-லிருந்து 100 மி.மீ. ஆனது. தொடர் டார்க் உயர்ந்ததற்கு முதல் காரணம் இந்த நீளமும் கூட்டின் துடுப்புகளும்தான். காந்த வகை மாற்றத்துக்கு அந்தப் பெருமை சேராது.

பழையதையும் புதியதையும் கணக்கில் ஒப்பிட்டால், 7 சதவீத ஏற்றத்தில் பழையது 141 ஆம்பியர் கேட்டது, புதியது 12:1 கியருடன் சுமார் 146. இரண்டும் ஒன்றுதான். சமவெளியில் 50 கி.மீ. வேகத்தில்தான் வேறுபாடு. பழைய மோட்டாரின் எதிர் மின்னழுத்தம் பேட்டரியை மீறுவதால், கன்ட்ரோலர் காந்தப்புலத்தை எதிர்த்தே ஆம்பியரைச் செலவழித்தது. மொத்தம் 104 ஆம்பியர், அதில் பெரும்பகுதி டார்க் தராதது. புதியதில் 71 ஆம்பியர் போதும், புலத்தைக் குறைக்கும் மின்னோட்டமே இரும்பின் வழியாக டார்க்கும் கொடுக்கிறது. அந்த வேகத்தில் செம்பு இழப்பு பாதிக்கும் கீழே.

கன்ட்ரோலர் அணைந்த நிலையில் எதிர் மின்னழுத்தம் முழுச் சார்ஜ் பேட்டரியைத் தொடுவது 55 கி.மீ. வேகத்தில், 65-இல் 69 வோல்ட். ஒரு எச்சரிக்கை: புதைத்த காந்த மோட்டார்களில் டயோடு வழிக் கட்டுப்பாடற்ற மின்னுற்பத்தி ஒருமுறை தொடங்கிவிட்டால், தொடங்கிய வேகத்துக்குக் கீழே வந்த பிறகும் கொஞ்ச தூரம் தொடரக்கூடும். ஆகவே 55 என்பதைப் பாதுகாப்பு எல்லையாக எழுதாமல் 50-இல் கன்ட்ரோலரின் வேக வரம்பு வைக்கப்பட்டது.

பேட்டரி துண்டிக்கப்படும்போது செய்ய வேண்டியதும் மாறியது. மின்னழுத்தம் 64-ஐத் தாண்டியதும் கன்ட்ரோலரின் கீழ்ப்பக்க மூன்று மாஸ்ஃபெட்களும் ஒன்றாக மின்னோட்டம் கடத்தும் நிலைக்கு வந்து, மோட்டார் கம்பிகளைக் குறுக்கிணைக்கும். இந்த முடிவை மென்பொருள் எடுப்பதில்லை, ஒப்பீட்டுச் சுற்று ஒன்று சில மைக்ரோ விநாடிகளில் எடுக்கிறது. குறுக்குச் சுற்று மின்னோட்டம் காந்தப் பாயத்தை டி-அச்சுத் தூண்டலால் (காந்தத்தின் திசையில் சுருளுக்கு உள்ள மின்தூண்டலால்) வகுத்தால் வரும் அளவில் நின்றுவிடும்: இந்த மோட்டாரில் 156 ஆம்பியர், ஏற்றத்தில் தினமும் சுமக்கும் அளவுதான். பழைய மோட்டாரில் அதே கணக்கு 260 ஆம்பியர் தந்தது.

இதில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஓட்டை ஒன்று உண்டு. மாஸ்ஃபெட்களை இயக்கும் கேட் டிரைவருக்கு 12 வோல்ட் கொடுக்கும் டி.சி.-டி.சி. மாற்றி அதே பேட்டரியில் தொங்கினால், பேட்டரி துண்டிக்கப்பட்ட அடுத்த கணம் மாஸ்ஃபெட்களைக் கடத்தும் நிலையில் வைத்திருக்கவே மின்சாரம் இருக்காது. அதனால் தனியாகச் சிறு 12 வோல்ட் பேட்டரி சேர்க்கப்பட்டது.

பெஞ்சிலும் பாதையிலும்

முதல் இரண்டு மோட்டார்களில் ஒன்று பெஞ்சில் சரியாக ஓடியது. மற்றொன்றில் முன்னோக்கி இழுக்கும் டார்க்கும் பின்னோக்கித் தடுக்கும் டார்க்கும் சமமாக இல்லை. தண்டு முனையில் இருந்த நிலை உணரி 2 டிகிரி திரும்பிப் பொருத்தப்பட்டிருந்தது. நான்கு துருவ ஜோடியில் அது மின்கோணத்தில் 8 டிகிரி. மேற்பரப்புக் காந்த மோட்டாரில் இந்தப் பிழை சிறு டார்க் இழப்போடு போய்விடும். புதைத்த வகையில் டார்க் மின்னோட்டக் கோணத்தையே நம்பியிருக்கிறது. 440 ஆம்பியர் உச்ச மதிப்பில் 8 டிகிரி பிழை, புல அச்சில் 60 ஆம்பியரைத் தவறான பக்கம் தள்ளும். பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் வெளியிலிருந்து சுழற்றி, எதிர் மின்னழுத்த அலையின் சுழியத்தோடு உணரியின் சுழியத்தை ஒப்பிட்டு, அந்த மோட்டாரின் எண்ணோடு திருத்தக் கோணத்தைப் பதிவு செய்யும் வழக்கம் வந்தது. கன்ட்ரோலரை மாற்றும் மெக்கானிக்கும் அந்த எண்ணை உள்ளிட வேண்டும். அது மோட்டார் கூட்டிலேயே பொறிக்கப்படுகிறது.

முழுச் சுமை ஏற்றச் சோதனையில் சுருளின் வெப்பநிலை ஏறி, 45 நிமிடத்துக்குப் பிறகு 120 டிகிரியை ஒட்டிச் சமநிலைக்கு வந்தது. டார்க் குறைப்பு நிகழவில்லை. கொண்டை ஊசி வளைவில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளம்பியபோதும் கிளம்பியது. இறக்கத்தில் பேட்டரி இணைப்பை வலிந்து துண்டித்துப் பார்த்தார்கள், முதலில் 15 கி.மீ. வேகத்தில், பிறகு படிப்படியாக 45 வரை. கன்ட்ரோலரின் பேட்டரி பக்க மின்னழுத்தம் 70 வோல்ட்டைத் தாண்டவில்லை. கம்பிகள் குறுக்கிணைக்கப்பட்ட மோட்டாரின் பிரேக் டார்க் வேகம் குறையக் குறையக் கூடுகிறது என்பதால், நின்றுவிடும் நேரத்தில் ஓட்டுநருக்கு ஒரு குலுக்கல் தெரிந்தது. அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மேலே நிற்கும் சார்ஜருக்கும் வரம்பு வந்தது. முழுச் சுமையோடு 22 கி.மீ. இறங்கினால் பேட்டரிக்குத் திரும்புவது ஏறக்குறைய 2.5 கிலோவாட்-மணி. அதற்கு இடம் விட, குன்னூரில் 75 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஓட்டுநர்களுக்கு இது பிடிக்கவில்லை; காசு கொடுத்துப் பாதி வயிறு நிரப்புவதா என்றார்கள். கீழே வந்து பார்த்தால் பேட்டரி நிறைந்திருப்பதைக் கண்ட பிறகு பேச்சு அடங்கியது.

காந்தம் வராத மாதங்கள்

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு நடுத்தர, கன அருமண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு விதித்தது. டிஸ்புரோசியமும் டெர்பியமும் அதில் அடக்கம். உயர் வெப்பநிலையில் காந்தம் பலமிழக்காமல் இருக்கச் சேர்க்கப்படுபவை இவை இரண்டும்தான். 180 டிகிரி தரக் காந்தத்துக்குக் கொடுத்திருந்த ஆர்டர் நின்றுபோனது.

குழு முதலில் கேட்டுக்கொண்டது, 180 டிகிரி தரம் உண்மையிலேயே தேவையா என்பதை. பழைய மோட்டாரின் பழக்கத்தில் கேட்கப்பட்ட தரம் அது. ரோட்டரின் அளந்த வெப்பநிலையும் உச்ச மின்னோட்டத்தில் காந்தத்தின் மீது விழும் எதிர்ப்புலமும் சேர்த்துப் பார்த்தபோது, கன அருமண் சேர்க்காத தாழ்ந்த தரமே போதும் என்று கணக்கு சொன்னது. ஒரு நிபந்தனை: சுருள் 130 டிகிரியைத் தாண்டினால் உச்ச டார்க்கைக் குறைக்க வேண்டும். அந்தக் காந்தம் கிடைத்ததால் உற்பத்தி தொடர்ந்தது.

இணையாக ஃபெரைட் ரோட்டரும் செய்து பார்க்கப்பட்டது. ஃபெரைட்டின் எஞ்சிய காந்தப் பாய அடர்த்தி 0.4 டெஸ்லா அளவு, நியோடிமியத்தினுடையது 1.2-ஐ ஒட்டியது. அதே டார்க்குக்குத் தகடுக் கட்டு 135 மி.மீ. வரை நீண்டது, மின்னோட்டமும் கூடியது. எதிர் மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தது இறக்கத்துக்கு நல்லது. ஃபெரைட்டின் வெப்பக் குணமோ நியோடிமியத்துக்கு நேர் எதிர். நியோடிமியம் சூட்டில் பலவீனமாகும். ஃபெரைட்டின் காந்தநீக்க எதிர்ப்பு குளிரில் குறையும், டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டி, காலையில் மேட்டில் முழு ஆம்பியரோடு கிளம்பும் கணம்தான் ஃபெரைட்டுக்கு மிகக் கடினமான கணம். நடு ஏற்றத்து 120 டிகிரியில் அதற்குக் கவலையே இல்லை. சோதனை ரோட்டரைக் குளிர்பெட்டியில் வைத்து உச்ச மின்னோட்டம் கொடுத்து, எதிர் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் அளந்தார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவான இறக்கம் தெரிந்தது. காந்தத்தின் மூலைகளில் இரும்புத் தடுப்பின் வடிவத்தைத் திருத்தும் வேலை அதன் பிறகு தொடங்கியது.

மாற்ற வேண்டியவை

அடுத்த வண்டியில் மோட்டார் கூட்டின் அளவை ஃபெரைட் நீளத்துக்கே வைக்க முடிவாகியிருக்கிறது. நியோடிமிய ரோட்டர் போடும்போது மிச்ச இடத்தில் ஓர் இடைவளையம் போகும். எடை கூடும், ஆனால் காந்தச் சந்தை மாறும்போது சேஸியைத் தொட வேண்டாம்.

மோட்டார் கேட்டு அனுப்பும் படிவத்தில் கிலோவாட் கட்டத்துக்கு மேலே இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன: ஒரு மணி நேரத் தொடர் டார்க், மற்றும் 3,000 சுழற்சியில் எதிர் மின்னழுத்தம். டி-அச்சு, கியூ-அச்சு (காந்தத்துக்கு மின்கோணத்தில் செங்குத்தான திசை) தூண்டல்களை, இரும்பு காந்தப் பாயத்தால் நிரம்பிச் செறிவுற்ற நிலையில் தனியாகவும் செறிவுறாத நிலையில் தனியாகவும் தராத விலைப்புள்ளி பரிசீலிக்கப்படாது. முதல் சுற்றில் ஒரே எண்ணைக் கொடுத்த தயாரிப்பாளர் ஒருவரின் மோட்டார், உச்ச மின்னோட்டத்தில் சொன்னதைவிடக் குறைந்த டார்க்கையே கொடுத்தது. கியூ-அச்சு இரும்பு செறிவுறும்போது ரிலக்டன்ஸ் பங்கு சுருங்குவதே காரணம்.

பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டிக்கும்முன் 200 மில்லி விநாடி முன்னறிவிப்பு தரும்படி அதன் தயாரிப்பாளரிடம் கேட்கப்பட்டது. மிகை மின்னழுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். குறுக்குச் சுற்றுக்கு முடியாது என்றார்கள், அது நியாயமே. அதனால் ஒப்பீட்டுச் சுற்றும் தனி 12 வோல்ட் பேட்டரியும் எல்லா வண்டிகளிலும் இருக்கின்றன, சமவெளிக்குப் போகும் வண்டிகளிலும்.